ஒரே காட்சி, ஃபிலிமிலும் டிஜிட்டலிலும்: பிரிண்ட் போட்டு ஒப்பிடுவது எப்படி?

தங்கையின் வளைகாப்புக்கு ஃபிலிமில் எடுப்பதா, டிஜிட்டலில் எடுப்பதா என்று முடிவு செய்ய முடியாமல், ஒரே காட்சியை இரண்டிலும் எடுத்து பிரிண்ட் போட்டுப் பார்க்கலாம் என்று இறங்கினேன். ஒரு மாதமும் நாலாயிரம் ரூபாயும் ஆனது. வந்த பிரிண்ட்களை மேசையில் பரப்பியபோது நிறம் முழுக்க வேறு வேறாக இருந்தது. காரணத்தைத் தேடிப் போனால், டிஜிட்டல் படங்களுக்கு லேப்பில் ஆட்டோ கரெக்‌ஷன் போட்டிருந்தார்கள், நெகட்டிவை மிகச் சிறிய அளவில் ஸ்கேன் செய்திருந்தார்கள், பேப்பரும் ஒன்றுக்கு மேட், இன்னொன்றுக்கு கிளாஸி. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. நான் எதுவும் சொல்லாததால், அவர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்துவிட்டார்கள்.

இரண்டாம் முறை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துச் செய்தேன், சரியாக வந்தது. அந்த இரண்டாம் முறையைத்தான் கீழே படிப்படியாகத் தருகிறேன். 35 எம்எம் கலர் நெகட்டிவையும் 24 மெகாபிக்சல் டிஜிட்டல் கேமராவையும் வைத்துச் சொல்கிறேன். கருப்பு-வெள்ளைக்குக் கதை வேறு, அதை இங்கே தொடவில்லை.

1. எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று முதலில் தெளிவாகுங்கள்

இன்று கலர் லேப்பில் ஒரு நெகட்டிவைக் கொடுத்து பிரிண்ட் கேட்டால், அதை முதலில் ஸ்கேன் செய்வார்கள். அந்த ஸ்கேன் கோப்பை சிவப்பு, பச்சை, நீல லேசர்கள் போட்டோ பேப்பரில் வரையும். பிறகு பேப்பர் ரசாயனத்தில் ஓடி வெளியே வரும். உங்கள் டிஜிட்டல் படமும் அதே மெஷினில், அதே லேசரில், அதே பேப்பரில்தான் போடப்படுகிறது. ஆக, ஸ்கேனுக்குப் பிறகு இரண்டுக்கும் ஒரே வழிதான். வித்தியாசம் எல்லாம் அதற்கு முன்னால் நடப்பது.

என்லார்ஜரில் நெகட்டிவை வைத்து, விளக்கொளியை நேரடியாகப் பேப்பரில் விழவைத்துப் போடும் பழைய முறை வேறு. கலரில் அதைச் செய்பவர்கள் இப்போது மிகவும் குறைவு. அப்படி ஒருவர் உங்களுக்குத் தெரிந்திருந்தால் கட்டாயம் ஒரு பிரிண்ட் போட்டு வாங்குங்கள், அதை மூன்றாவதாக வைத்துப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு இந்தக் கட்டுரையில் ஃபிலிம் பிரிண்ட் என்றால் ஸ்கேன் செய்து போட்ட பிரிண்ட்தான்.

இன்னொன்றை மனதில் வையுங்கள். நெகட்டிவுக்கென்று தீர்மானமான ஒரு நிறம் கிடையாது. ஆரஞ்சுப் படலத்தோடு தலைகீழாக இருக்கும் அதை யாரோ ஒருவர் அல்லது ஏதோ ஒரு மென்பொருள் திருப்பி, இதுதான் நிறம் என்று முடிவு செய்கிறது. ஒரே நெகட்டிவை இரண்டு லேப்பில் கொடுத்தால் இரண்டு நிறம் வரும். ‘இந்த ஃபிலிமின் நிறமே இப்படித்தான்’ என்று ஒரே ஒரு ஸ்கேனைப் பார்த்துச் சொல்லிவிடாதீர்கள்.

2. கேமரா, லென்ஸ், ரோல்

ஒரே லென்ஸ் இரண்டு கேமராவிலும் பொருந்தினால் பாதி வேலை முடிந்தது. நான் விஸ்காம் படித்த நண்பரிடம் நிக்கான் எஃப்எம்10 இரவல் வாங்கினேன். டிஜிட்டலுக்கு நிக்கான் டி750. இரண்டிலும் ஒரே 50 எம்எம் எஃப்/1.8டி லென்ஸ். கேனானிலும் பென்டாக்ஸிலும் இதே மாதிரி ஜோடி அமைக்கலாம்.

உங்கள் டிஜிட்டல் கேமரா ஏபிஎஸ்-சி சென்சார் (35 எம்எம் ஃப்ரேமைவிடச் சிறியது) கொண்டதா என்று பாருங்கள். நிக்கான், சோனியில் அப்படியிருந்தால் 50 எம்எம் லென்ஸ் 75 எம்எம் போலக் குறுகிய காட்சியைத் தரும். அதில் 35 எம்எம் லென்ஸைப் போடுங்கள். நின்ற இடத்திலிருந்து பின்னால் நகர்ந்து சரிக்கட்ட வேண்டாம், காட்சியின் அமைப்பே மாறிவிடும்.

ரோல் 200 ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் வேகம்) போதும். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் எடுப்பதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே பெட்டியைத் திறக்காமல் வெளியே வைத்துவிடுங்கள், இல்லையென்றால் நம் ஊர்க் காற்றின் ஈரம் ஃபிலிமில் படியும். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் வைக்கவே வேண்டாம்.

3. நிறத்துக்கு ஒன்று, விவரத்துக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று

மூன்று காட்சி எடுத்தால் போதும்.

நிறத்துக்குப் பட்டுப்புடவையைவிட நல்ல சோதனை இல்லை. ஒரு அரக்குச் சேலை, ஒரு மாம்பழ மஞ்சள், ஒரு மயில் கழுத்து, மூன்றையும் மடிப்பு தெரியும்படி கொடியில் தொங்கவிட்டுக் காலை வெயிலில் எடுத்தேன். சிவப்பு எங்கே தட்டையாகிறது, ஜரிகை எங்கே வெள்ளையாக வெடிக்கிறது, மயில் கழுத்தின் நீலமும் பச்சையும் பிரிந்து தெரிகிறதா, எல்லாம் ஒரே படத்தில் வந்துவிடும்.

விவரத்துக்குக் கோபுரம். மயிலாப்பூர் தெப்பக்குளத்தின் எதிர்க்கரையிலிருந்து கபாலீஸ்வரர் கோபுரத்தை எடுத்தேன். தூரத்தில் சின்னச் சின்ன பொம்மைகள், ஒவ்வொன்றுக்கும் கண், கை, வண்ணம், மேலே வெறும் வானம். பொம்மைகளில் கூர்மையும், வானத்தில் கிரெய்னும் (ஃபிலிமின் பொடிப்பொடியான துகள் தன்மை) தெரியும். தெருவிலிருந்தோ குளக்கரையிலிருந்தோ எடுங்கள். மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாட் வைக்க முன்அனுமதி வேண்டும், சோதனைக்காக அந்த அலைச்சல் தேவையில்லை.

மூன்றாவது, வீட்டு வாசலில் நிழலில் நிற்கும் ஒருவரின் முகம்.

ஒவ்வொரு காட்சியிலும் ஒரு ஃப்ரேமில் மட்டும் 18 சதவீத கிரே கார்டை, அதாவது நிறச்சாயல் இல்லாத சாம்பல் அட்டையைப் பிடித்து எடுங்கள். அது இல்லாவிட்டால் பிறகு இரண்டு கோப்புகளின் நிறத்தையும் சமப்படுத்த வழியில்லை. கிரே கார்டுக்குப் பதிலாக வெள்ளை வேட்டியை வைத்துக்கொள்ளலாம் என்று நானும் நினைத்தேன். சொட்டு நீலம் போட்ட வேட்டியில் நீலச்சாயல் இருக்கும். அதை வெள்ளை என்று கேமராவுக்குச் சொன்னால் முகமெல்லாம் மஞ்சளடிக்கும்.

4. எடுக்கும்போது

ட்ரைபாட் கட்டாயம். கையில் பிடித்து எடுத்தால் நீங்கள் ஒப்பிடுவது கை நடுக்கத்தைத்தான். இரண்டு கேமராவிலும் லென்ஸ் துளை எஃப்/8, ஐஎஸ்ஓ 200. டிஜிட்டலில் ரா கோப்பாகவே (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுங்கள், வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாமல் ‘டேலைட்’டில் நிறுத்துங்கள். சாதாரண கலர் ஃபிலிம் பகல் வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்டது என்பதால் இதுதான் நியாயம். வீட்டுக்குள் ட்யூப் லைட்டில் எடுத்தால் ஃபிலிமில் பச்சையடிக்கும், அதைச் சோதனையில் சேர்க்காதீர்கள்.

எக்ஸ்போஷரில், அதாவது விழவிடும் வெளிச்சத்தின் அளவில், இரண்டும் எதிர் எதிர் குணம். நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைந்தால் நிழல்கள் சேறாகிவிடும். டிஜிட்டல் நிழலிலிருந்து நிறைய மீட்டுத் தரும், ஆனால் வெள்ளை ஒருமுறை வெடித்துவிட்டால் போனது போனதுதான். ஆகவே ஃபிலிமில் ஒவ்வொரு காட்சியையும் கேமராவின் ஒளிமீட்டர் சொன்னது, ஒரு ஸ்டாப் கூட (ஒரு ஸ்டாப் கூட என்றால் வெளிச்சம் இரட்டிப்பு), இரண்டு ஸ்டாப் கூட என்று மூன்று ஃப்ரேம் எடுங்கள். டிஜிட்டலில் மீட்டர் சொன்னது, ஒரு ஸ்டாப் கூட, ஒரு ஸ்டாப் குறைவு. பிரிண்டுக்கு இரண்டிலும் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கலாம்.

அரக்குச் சேலைக்கு ஒரு தனி எச்சரிக்கை. கேமராவின் சாதாரண ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும், அதற்குள் சிவப்பு சேனல் மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமுக்கு மாற்றிப் பாருங்கள்.

ஒரு நோட்டில் ஃப்ரேம் எண், காட்சி, ஷட்டர் வேகம், நேரம் நான்கையும் அங்கேயே குறியுங்கள். ஃபிலிமில் இந்தத் தகவல் எதுவும் பதிவாகாது. பத்து நாள் கழித்து நெகட்டிவ் வரும்போது எது எந்த எக்ஸ்போஷர் என்று நினைவிருக்காது.

5. ரோலைக் கழுவக் கொடுக்கும்போது சீட்டில் எழுத வேண்டியவை

என் முதல் முயற்சி கெட்டது இங்கேதான். வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். கவுன்டரில் வாங்குபவர் ஒருவர், உள்ளே மெஷினில் உட்கார்ந்திருப்பவர் இன்னொருவர். ஆர்டர் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள், ஒரு நகலை போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ‘சி-41, நார்மல், புஷ் வேண்டாம்’. சி-41 என்பது கலர் நெகட்டிவைக் கழுவும் வழக்கமான முறை, புஷ் என்றால் கூடுதல் நேரம் கழுவுவது. அடுத்து, நெகட்டிவ் திரும்ப வேண்டும். இதை எழுதாவிட்டால் சில இடங்களில் ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவை வைத்துக்கொள்வார்கள், கொஞ்ச நாளில் குப்பைக்குப் போய்விடும். ஆறு ஆறு ஃப்ரேமாக வெட்டி உறையில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

பிறகு ஸ்கேன் அளவு. ‘ஸ்கேன் உண்டா’ என்று கேட்டால் உண்டு என்பார்கள். எத்தனை பிக்சல் என்று கேளுங்கள். சாதாரண ஸ்கேன் பல இடங்களில் 4×6 பிரிண்டுக்கு மட்டும் போதுமான அளவு, ஏறத்தாழ 1800×1200. அதை 12×18-க்குப் பெரிதாக்கினால் ஒரு அங்குலத்துக்கு 100 பிக்சல்தான் மிஞ்சும். அதைப் பார்த்துவிட்டு ஃபிலிமில் விவரமே இல்லை என்று முடிவு கட்டுவது ஃபிலிமுக்குச் செய்யும் அநியாயம். 35 எம்எம் நெகட்டிவை 4000 டிபிஐயில் (அங்குலத்துக்கு 4000 புள்ளி) எடுத்தால் சுமார் 5670×3780 பிக்சல் வரும், அதாவது 21 மெகாபிக்சல். 24 மெகாபிக்சல் டிஜிட்டலோடு நிற்க வைக்க இந்த அளவுதான் சரி. எல்லா ஃப்ரேமுக்கும் வேண்டாம், தேர்ந்தெடுத்த ஆறுக்கு மட்டும் கேளுங்கள்.

ஜேபெக் வேண்டாம், விவரம் இழக்காத 16 பிட் டிஃப் கோப்பாகக் கேளுங்கள். ஒரு கோப்பு 130 எம்பியை ஒட்டி இருக்கும், ஒரு பென் டிரைவ் கொண்டுபோங்கள். ஷார்ப்பனிங் வேண்டாம் என்றும் எழுதுங்கள். ஸ்கேனர் தானாகக் கூர்மையாக்கினால் கிரெய்ன் மணல் போலத் துருத்திக்கொண்டு நிற்கும். தூசி நீக்கும் இன்ஃப்ராரெட் வசதி இருந்தால் கலர் நெகட்டிவுக்குப் போடலாம்.

வீட்டில் ஃப்ளாட்பெட் ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் 6400 டிபிஐயை அப்படியே நம்ப வேண்டாம். கோப்பு அந்த அளவுக்குப் பெரிதாக வரும், உள்ளே இருக்கும் விவரம் அதில் பாதிகூட இராது. பழைய குடும்ப நெகட்டிவ்களைப் பார்க்க அது அருமையான கருவி, இந்தச் சோதனைக்கு ஆகாது.

6. இரண்டு கோப்புகளையும் சமமாக்குவது

கம்ப்யூட்டரில் செய்யும் வேலை கொஞ்சம்தான், ஆனால் அதை மீறக்கூடாது. கிரே கார்டு இருக்கும் ஃப்ரேமைத் திறந்து, கார்டில் கிளிக் செய்து சாம்பலை நடுநிலையாக்குங்கள். அதே அளவை மற்ற ஃப்ரேமுக்கும் போடுங்கள். கார்டின் அடர்த்தி இரண்டிலும் ஒன்றாகும்வரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறையுங்கள். அதோடு நிறுத்துங்கள். சாச்சுரேஷன், கிளாரிட்டி, ஃபிலிம் ப்ரீசெட் எதையும் தொடாதீர்கள். ஒன்றை அழகாக்க ஆரம்பித்தால் மற்றதையும் அழகாக்கத் தோன்றும், பிறகு நீங்கள் ஒப்பிடுவது உங்கள் ரசனையைத்தான்.

சேமிக்கும்போது எஸ்ஆர்ஜிபி என்ற நிறவெளி (கலர் ஸ்பேஸ்). அடோப் ஆர்ஜிபியில் சேமித்துக் கொடுத்தால், எஸ்ஆர்ஜிபியை எதிர்பார்க்கும் லேப் மெஷின் அதைத் தவறாகப் படித்து, பட்டெல்லாம் சாயம்போன மாதிரி அடிக்கும். டிஜிட்டலில் நிறம் மங்கலாக வருகிறது என்ற புகார்களில் ஒரு பங்கு இதனால்தான் என்பது என் அனுபவம்.

அளவு: 12×18-க்கு 5400×3600 பிக்சல், 8×12-க்கு 3600×2400. இரண்டு கோப்பும் பிக்சல் பிசகாமல் ஒரே அளவில் இருக்கட்டும். பெயரை ‘பட்டு-ஃபிலிம்-8×12’ என்ற மாதிரி வையுங்கள். பென் டிரைவிலோ கூகுள் டிரைவிலோ கொடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் நசுங்கிப் போகும், வேறு வழியில்லை என்றால் டாகுமென்டாக அனுப்புங்கள்.

7. பிரிண்ட் ஆர்டர்

4×6, அதாவது நம் ஊர் மேக்ஸி சைஸ், 8×12, 12×18, இந்த மூன்றும் 35 எம்எம் ஃப்ரேமின் 3:2 விகிதத்துக்கு அப்படியே பொருந்தும். 5×7, 8×10 கேட்டால் ஓரம் வெட்டுப்படும், அல்லது வெள்ளை விளிம்பு வரும். தவிர்த்துவிடுங்கள்.

லேப்பில் சொல்ல வேண்டியது நான்கு விஷயம். ‘கரெக்‌ஷன் வேண்டாம்’ முதலாவது. ஆபரேட்டர் ஒவ்வொரு படத்தையும் பார்த்து டென்சிட்டி, சயான், மெஜன்டா, மஞ்சள் கீகளைத் தட்டிச் சரிசெய்வது அவர் வேலையின் சிறப்பு. முப்பது வருஷம் கல்யாண ஆல்பம் போட்டவரின் கண் அது. ஆனால் இந்தச் சோதனைக்கு மட்டும் அது வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். இரண்டாவது, எல்லாம் ஒரே பேப்பர். நான் மேட் வாங்கினேன், கைரேகை படாது. நுண்விவரம் மட்டுமே முக்கியம் என்றால் கிளாஸி எடுங்கள். மூன்றாவது, எல்லாம் ஒரே நாளில், ஒரே மெஷினில், ஒன்றன்பின் ஒன்றாக. காலையில் போட்டதற்கும் மாலையில் போட்டதற்கும் ரசாயனத்தின் நிலையைப் பொறுத்துச் சிறு வேறுபாடு வரலாம். நான்காவது, ரசாயனத்தில் ஓடும் போட்டோ பேப்பர்தானா, இங்க்ஜெட்டா, ஆல்பம் அடிக்கும் டிஜிட்டல் பிரஸ்ஸா என்று கேளுங்கள். மூன்றும் மூன்று விதம். வாங்கியபின் சந்தேகம் வந்தால் 50 எம்எம் லென்ஸைக் கழற்றி உருப்பெருக்கியாகப் பிடித்துப் பாருங்கள், ஐந்து மடங்கு காட்டும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது லேசர் போட்ட போட்டோ பேப்பர் இல்லை.

முதலில் மேக்ஸியில் ஒன்று போட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பெரியதுக்குப் போங்கள். கிரே கார்டு பிரிண்டில் பச்சையாகவோ சிவப்பாகவோ வந்தால் அங்கேயே தெரிந்துவிடும், பெரிய பேப்பர் வீணாகாது.

8. எங்கே வைத்துப் பார்ப்பது

எல்இடி பல்புக்குக் கீழே பார்க்காதீர்கள். மலிவான பல்புகளில் சிவப்பு செத்துப்போகும். காலை பத்து மணிக்கு மேல், நேர் வெயில் விழாத ஜன்னலோரம் சரி. சுவரும் மேசை விரிப்பும் அழுத்தமான நிறத்தில் இருந்தால் வெள்ளைத் தாள் விரித்து அதன்மேல் வையுங்கள். பிரிண்டின் பின்னால் பென்சிலில் எண் மட்டும் எழுதி, எது எது என்று தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். எது ஃபிலிம் என்று கேட்காதீர்கள், எது சேலையின் நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். சேலையையும் பக்கத்திலேயே வையுங்கள். எங்கள் வீட்டில் அம்மா சொன்னதைத்தான் நான் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டேன். அந்த அரக்கை முப்பது வருஷமாகக் கட்டுபவர் அவர்.

எனக்குக் கிடைத்தது

மேக்ஸி சைஸில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆல்பம் முழுக்க 4×6-தான் என்றால் இந்த அலைச்சலே தேவையில்லை, கையில் இருப்பதில் எடுங்கள்.

8×12-இல் நிறம் பேச ஆரம்பித்தது. வெயில் பட்ட ஜரிகையும் மஞ்சள் சேலையின் மேல் மடிப்பும் ஃபிலிமில் மெல்லத் தேய்ந்து வெளுத்தன, டிஜிட்டலில் ஒரு கோட்டில் சட்டென்று வெள்ளையாகின. அரக்கில், மீட்டர் சொன்னபடி எடுத்த டிஜிட்டல் படம் மடிப்பே தெரியாத சிவப்புப் பலகையாக வந்தது. ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்த ஃப்ரேமில் மடிப்பு திரும்பி வந்தது, அதை அம்மாவும் ஃபிலிமுக்குச் சமமாக வைத்தார். மயில் கழுத்து இரண்டிலும் தோற்றது. நேரில் திரும்பும்போது மாறும் அந்த நிறத்தைப் பேப்பர் பிடிக்கவில்லை.

12×18 கோபுரத்தில் டிஜிட்டல் தெளிவாக முன்னால் நின்றது. பொம்மைகளின் கண்கள் தனித்துத் தெரிந்தன, வானம் துடைத்த மாதிரி இருந்தது. ஃபிலிமில் வானத்தில் கிரெய்ன் இருந்தது, பொம்மைகளின் விளிம்பு சற்று மென்மையாக இருந்தது. இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் அந்த வித்தியாசம் பெரிதில்லை. முகத்தில் எனக்கு ஃபிலிம் பிடித்தது. ஆனால் அதே நெகட்டிவை இன்னொரு லேப்பில் ஸ்கேன் செய்தபோது முகத்தின் சூடு குறைந்து வந்தது, ஆகவே அந்தப் புகழில் பாதி முதல் லேப்பின் ஆபரேட்டருக்குப் போக வேண்டும்.

வளைகாப்பை டிஜிட்டலில் எடுத்தேன், வெளிச்சத்தைக் குறைத்து. வெளியே முற்றத்தில் மட்டும் ஒரு ரோல்.

செலவும் நாளும்

இரண்டாம் முறை எனக்கு ஆனது இது. ரோல் 1,150 ரூபாய், கழுவ 400, சாதாரண ஸ்கேன் 250, ஆறு ஃப்ரேமுக்குப் பெரிய ஸ்கேன் 600. மேக்ஸி ஆறு 72 ரூபாய், 8×12 ஆறு 540, 12×18 நான்கு 800. கூரியர் 150. மொத்தம் 3,962. விலை ஊருக்கு ஊர், லேப்புக்கு லேப் மாறும், போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். குறைக்க வேண்டுமென்றால் 12×18-ஐ கோபுரத்துக்கு மட்டும் போடுங்கள், 400 ரூபாய் மிச்சம்.

டிஜிட்டல் பிரிண்ட் அன்றே கிடைக்கும். ஃபிலிம்தான் இழுக்கும். ரோல்கள் சேர்ந்தபின் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் கழுவும் லேப்கள் உண்டு. கொடுக்கும் முன், அடுத்து எந்த நாள் கழுவுவீர்கள் என்று கேட்டு, அதற்கு முந்தைய நாள் கொடுங்கள். எனக்குக் கழுவி ஸ்கேன் வர ஒன்பது நாள், பெரிய ஸ்கேனுக்கு இன்னும் ஐந்து நாள்.

தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் போகாதீர்கள், லேப்பில் கல்யாண ஆல்பம் மலையாகக் கிடக்கும், உங்கள் சீட்டைப் படிக்கக்கூட யாருக்கும் நேரமிருக்காது. ஆடியும் மார்கழியும் நல்ல மாதங்கள். ஆபரேட்டர் உங்களோடு உட்கார்ந்து பேசுவார், மானிட்டரில் காட்டுவார். நான் இரண்டாம் முறை போனது மார்கழியில்.

நெகட்டிவ் கைக்கு வந்ததும் பாலிப்ராப்பிலீன் உறையில் மாற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, நோட்டில் எழுதிய ஃப்ரேம் விவரத்தின் நகலையும் அதற்குள்ளேயே வையுங்கள். பிவிசி உறை வேண்டாம், நம் வெக்கையில் நெகட்டிவோடு ஒட்டிக்கொள்ளும்.